சம்பந்தியம்மாவின் பிட்ச் ஷாட்

பேருந்துப் பணிமனையில் அவரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாகச் சேரும் ஓட்டுநர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுநருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார். பிரேக் போடும்போது ஒரு சொட்டு சிந்தினால் போதும். "இறங்குப்பா, இறங்கு. வண்டியில ஆளுங்களை ஏத்திட்டுப் போறியா, மூட்டை ஏத்திட்டுப் போறியா?" என்று பிடித்துக்கொள்வார். அவர் வாய்க்குப் பயப்படாதவர்கள் அங்கே கிடையாது. ஆனால் மற்ற பணிமனைக்காரர்கள் "அவர்கிட்ட பழகின ஆளா? கண்ணை மூடிட்டு வண்டியைக் குடுக்கலாம்" என்பார்கள்.

அப்படிப்பட்ட மனிதரை, ஓய்வு பெறக் கொஞ்ச நாளே இருந்த வயதில், ஒரு குட்டி வெள்ளைப் பந்து தலைகுனிய வைத்தது.

எல்லாம் மகன் கல்யாணத்தோடு வந்த சேதி. பெண் எடுத்த வீடு கோல்ஃப் வீடாக அமைந்துவிட்டது. சம்பந்தி மருந்துக்கடை வைத்திருந்தார். சம்பந்தியம்மா ஒரு மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் பிரிவில் இருந்தார். சனிக்கிழமை மதியமானால் இருவரும் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு நகராட்சி கோல்ஃப் மைதானத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். சீருடைக் காவலாளி, சலாம் என்றெல்லாம் இல்லாத சாதாரண மைதானம் அது. வேலி ஓரத்தில் துணி காயும், குறுக்கே நாய் ஓடும்.

"வாங்க சம்பந்தி, சும்மா நடந்த மாதிரியும் ஆச்சு" என்று மருந்துக்கடைக்காரர் ஒருநாள் கூப்பிட்டார். சம்பந்தி கூப்பிட்டுத் தட்டக் கூடாது என்று மாஸ்டர் போனார்.

போன முதல் நாளே பெரிய மட்டையை வாங்கி ஓங்கி ஒரு போடு போட்டார். பந்து சாலைப் பக்கம் வளைவதுபோல் போக்குக் காட்டி, மனசு மாறியதுபோல் நேராகி, மரங்களைத் தாண்டிப் போய் விழுந்தது. பவர் ஸ்டீயரிங் வராத காலத்தில் வண்டி ஓட்டிய தோள் அல்லவா. மருந்துக்கடைக்காரருக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம் சம்பந்தி! நான் இத்தனை வருஷமா ஆடுறேன், இந்தத் தூரம் எனக்குக் கனவுலகூட வராது!" மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வாரமே பழைய மட்டைகள் சிலவற்றைத் தேடிப்பிடித்து வாங்கிவிட்டார்.

பிறகுதான் சிக்கல் புரிந்தது. கோல்ஃபில் தூரமாக அடிப்பது பாதிக் கதைதான். கொடி நட்ட குழியைச் சுற்றிப் புல்லை ஒட்ட வெட்டிய தரை இருக்கும், கிரீன் என்பார்கள். அதற்கு முப்பது நாற்பது கெஜம் முன்னால் பந்து வந்து நின்றுவிடும். நடுவில் வாயைப் பிளந்துகொண்டு ஒரு மணல் பள்ளம் கிடக்கும். அங்கிருந்து பந்தை மெல்லத் தூக்கி, பள்ளத்தைத் தாண்டவைத்து, கிரீனில் பூப்போல இறக்க வேண்டும். அதற்குப் பெயர் பிட்ச் ஷாட். அதற்கென்று வெட்ஜ் என்றொரு மட்டை, முகம் நன்றாகச் சாய்ந்தது.

மாஸ்டர் வெட்ஜைக் கையில் எடுத்தாலே ஒன்று மட்டை மண்ணைக் கவ்வும், பந்து வெட்கப்பட்டுக்கொண்டு நாலடி தள்ளிப் போய் நிற்கும். இல்லையென்றால் மட்டையின் விளிம்பு பந்தின் நெற்றியில் பட்டு, அது தரையோடு தரையாகச் சீறிக்கொண்டு கிரீனைத் தாண்டி ஓடும். இரண்டுக்கும் நடுவில் ஒன்று அவருக்கு வாய்க்கவே இல்லை.

ஆனால் மருந்துக்கடைக்காரர் பாராட்டுவதை நிறுத்தவில்லை. பந்து நாலடி போனால் "நல்ல கட்டுப்பாடு சம்பந்தி!" பந்து எல்லை தாண்டினால் "என்ன தெம்பு பாருங்க!" மணலில் புதைந்தால் "இன்னிக்குக் காத்து சரியில்ல." மாஸ்டர் பையனைப் பெற்றவர். பெண்ணைக் கொடுத்தவர் அவரிடம் குறை சொல்வாரா? சம்பந்தியம்மா ஒன்றும் சொல்ல மாட்டார். தன் பந்தைப் பார்த்துக்கொண்டு நடந்துவிடுவார்.

ஒரு சனிக்கிழமை விஷயம் முற்றியது. மருந்துக்கடைக்காரர் கிரீனுக்கு அந்தப் பக்கம் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் மாஸ்டர் வெட்ஜைத் தூக்கினார். டணார் என்று ஒரு சத்தம். பந்து முழங்கால் உயரத்தில் பறந்து போய், குனிந்திருந்தவரின் இடுப்புக்குக் கீழே, சதைப்பிடிப்பான இடத்தில், அப்படியே ஒட்டிக்கொள்வதுபோல் விழுந்தது. மனிதர் ஒரு துள்ளு துள்ளி நிமிர்ந்தார்.  மாஸ்டர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடினார்.

"ஐயையோ சம்பந்தி! பலமா பட்டுடுச்சா?"

மருந்துக்கடைக்காரர் ஒரு கையால் அடிபட்ட இடத்தைத் தேய்த்துக்கொண்டே, கண்ணில் தண்ணீரோடு சொன்னார்: "சேச்சே, ஒண்ணுமில்ல சம்பந்தி. திசை... திசை ரொம்ப நேரா இருந்துச்சு."

அன்று வீட்டுக்கு வந்த மாஸ்டர் சட்டையைக்கூட மாற்றாமல் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். நடந்ததைக் கேட்டு அவர் மனைவி முதலில் சிரித்தாள். கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

"நான் ஒரு பையனை இப்படி விடுவேனா?" என்றார் அவர். "தப்பு பண்ணா தப்புன்னு சொல்லணும். அந்த மனுஷன் என்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டே பள்ளத்துல போடுறாரு."

"அவர் எப்படிச் சொல்வாரு? பொண்ணைக் குடுத்த இடத்துல உங்களை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்வாரா? அந்த அம்மாவைக் கேளுங்க."

"அவங்க வாயே திறக்க மாட்டாங்களே."

"காது டெஸ்ட் பண்றவங்க. கேக்கிறதுதான் அவங்க வேலை, பேசறது இல்ல" என்ற மனைவி, அவர் தடுப்பதற்குள் போனை எடுத்துச் சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். "எங்க வீட்டுக்காரரைக் கொஞ்சம் நல்லா திட்டிவிடுங்க சம்பந்தியம்மா. பொண்ணு வீடு, பையன் வீடுன்னு பாக்காதீங்க. எத்தனை பேரைத் திட்டியிருக்காரு, ஒரு நாள் வாங்கிக்கட்டும்."

அடுத்த சனிக்கிழமை மருந்துக்கடைக்காரர் ஆடவில்லை; உட்காரவே கஷ்டப்பட்டு, நிழலில் நின்றுகொண்டிருந்தார். சம்பந்தியம்மா மைதானத்தின் ஓரத்தில் இருந்த பயிற்சித் தரைக்கு மாஸ்டரைக் கூட்டிப் போனார். ஒரு கூடைப் பந்து, ஒரு துண்டு. வேறொன்றும் இல்லை.

"நிஜமாவே சொல்லலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா."

"சரி, அடிங்க."

மாஸ்டர் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்தால், சம்பந்தியம்மா முதுகைக் காட்டித் திரும்பி நின்றிருந்தார். பார்க்காமல் என்ன சொல்லிக் கொடுக்கப் போகிறார் என்று மாஸ்டருக்கு ஒரே குழப்பம். அடித்தார். சில பந்துகள் சறுக்கின, சில சீறின. அவர் திரும்பவே இல்லை.

கூடை பாதி காலியானதும் சம்பந்தியம்மா திரும்பினார். "ரெண்டு சத்தம் கேக்குது. முதல்ல மண்ணு, அப்புறம் பந்து. ஒரு சத்தம்தான் கேக்கணும். அதோட, மட்டை காத்தைக் கிழிச்சுட்டு வர்ற சத்தம் பந்துகிட்ட வரும்போது அடங்கிப் போகுது. வேலையில பசங்களுக்கு நிறுத்தம் வரும்போது என்ன சொல்லிக் குடுப்பீங்க?"

"நிறுத்தத்துக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சுட்டு வரணும், கடைசியில அழுத்தக் கூடாதுன்னு சொல்வேன்."

"அதைத்தான் இங்கயும் பண்றீங்க. மட்டையைத் தலைக்கு மேல தூக்குறீங்க, அதை முன்னாடியே பாத்திருக்கேன். இறங்கி வர்றப்ப, ஐயோ கொடி கிட்டதானே இருக்கு, ரொம்பத் தூரம் போயிடுமேன்னு பயம் வந்து பிரேக் போடுறீங்க. பந்து இருக்கிற எடம் நிறுத்தம் இல்ல சம்பந்தி. அங்க யாரும் ஏறப்போறதும் இல்ல, இறங்கப்போறதும் இல்ல. நிக்காம போயிட்டே இருங்க."

 வீட்டில், வேலையில், யாரும் மாஸ்டரிடம் இப்படி நேருக்கு நேர் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. கோபம் வர வேண்டிய இடத்தில், வெயிலில் நடந்துவிட்டுத் தண்ணீர் குடித்ததுபோல் இருந்தது.

"இன்னும் இருக்கா?"

"இருக்கு. பந்தைக் கரண்டியில அள்ற மாதிரி மணிக்கட்டால அள்றீங்க. மட்டையோட முகமே சாய்வாத்தானே செஞ்சிருக்காங்க? தூக்குற வேலை அதோடது. நீங்க ஏன் அதோட வேலையைப் பாக்கிறீங்க?"

சொல்லிவிட்டுச் சம்பந்தியம்மா தன் வெட்ஜை எடுத்தார். கால்களை நெருக்கி வைத்தார். பிடியைக் கொஞ்சம் கீழே இறக்கினார். உடம்பின் பாரத்தை இடது காலில் கொஞ்சம் சாய்த்து வைத்து, அதை அங்கேயே விட்டுவிட்டார். மட்டை இடுப்பு உயரம் போனதோ இல்லையோ, நெஞ்சு கொடிப் பக்கம் திரும்ப, கைகளும் கூடவே போயின. அவசரமும் இல்லை, தயக்கமும் இல்லை. சுருக்கென்று ஒரே சத்தம். பந்து எழும்பி, ஒரு கணம் யோசிப்பதுபோல் மேலே நின்று, இறங்கி, ஒரு துள்ளல் துள்ளி அடங்கிவிட்டது. அடுத்த பந்து அதன் பக்கத்தில். அதற்கடுத்தது இரண்டுக்கும் நடுவில். முட்டையிடும் கோழி இடம் பார்த்து உட்காருவதுபோல் இருந்தது மாஸ்டருக்கு.

சம்பந்தியம்மா துண்டை மடித்து, மாஸ்டரின் பந்துக்கு ஒரு சாண் பின்னால் போட்டார். "துண்டுல படாம அடிங்க. பட்டா, முன்னாடியே மண்ணைத் தொட்டுட்டீங்கன்னு அர்த்தம். எவ்வளவு கம்மியா வேணா தூக்குங்க. ஆனா முன்னாடி போறப்ப மிச்சம் வைக்காதீங்க." பிறகு திரும்பி நின்றுகொண்டார்.

துண்டு பறந்தது. மறுபடி மடித்துப் போட்டார். மறுபடி பறந்தது. வெகுநேரம் கழித்து, பத்தோடு பதினொன்றாக அடித்த ஒரு பந்து துண்டைத் தொடாமல் கிளம்பியது. பெரிய உயரம் ஒன்றுமில்லை. ஆனால் அந்தச் சத்தம்! மாஸ்டர் உள்ளங்கையில் எதுவுமே தெரியவில்லை, வெண்ணெயை வழித்ததுபோல் இருந்தது. சம்பந்தியம்மா முதுகு திரும்பியபடியே ஒரு விரலை உயர்த்தினார்.

தண்ணீர் குடிக்க நிழலுக்கு வந்தபோது மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் யாருமில்லை. மாஸ்டர் மனம் தாங்காமல் சொன்னார்: "உங்க வீட்டம்மா அடிக்கிறதை இவ்வளவு நாளா பக்கத்துலயே இருந்தும் சரியாப் பாக்காம விட்டுட்டேனே. ஆனா ஒண்ணு புரியல. இவ்வளவு கைப்பக்குவம் இருக்கிறவங்க, முதல் அடியை மட்டும் ஏன் அவ்வளவு கிட்டத்துல போடுறாங்க?"

 மருந்துக்கடைக்காரர் மனைவி இருந்த திசையைப் பார்த்தார்.

"இடது கை நெஞ்சுக்கு மேல எழும்பாது சம்பந்தி. ஆஸ்பத்திரி மாடிப்படியில விழுந்து தோள் போயிடுச்சு. ரெண்டு தடவை ஆபரேஷன். இனிமே மட்டையைத் தொடாதீங்கன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுக்கு முன்னாடி என்னைவிடத் தூரமா அடிப்பா. வீட்டுக்கு வந்து அழல, ஒரு வார்த்தை புலம்பல. கட்டு அவுத்ததும், கை எவ்வளவு தூரம் போகுதோ அவ்வளவு போதும்னு, இதோ இந்த மூலையில வந்து நின்னுட்டா. மழைக் காலம் பூராவும் குடை பிடிக்க ஆள் இல்லாம நனைஞ்சுட்டே அடிச்சா. நான் கார்ல உட்காந்து பாத்துட்டிருப்பேன்." அவர் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "ஊர்ல உள்ளவங்களை எல்லாம் பாராட்டுவேன். இவளைப் பாராட்ட மட்டும் எனக்கு வாய் வர்றதில்ல. என்ன சொன்னாலும் குறைச்சலாத் தெரியுது."

 தூரத்தில் சம்பந்தியம்மா சிதறிக் கிடந்த பந்துகளை வலது கையால் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். மாஸ்டர் எழுந்து போய்த் தானும் குனிந்து பொறுக்க ஆரம்பித்தார்.

அதற்குப் பிறகு மாஸ்டர் பிடித்த பிடியை விடவில்லை. காலையில் வேலைக்குப் போகுமுன் வீட்டுக்குப் பின்னால் துண்டைப் போட்டு, பந்தில்லாமல் புல்லை மட்டும் வருடிப் பழகினார். பணிமனையில் மதியச் சாப்பாடு முடிந்ததும், நிற்கும் பேருந்துகளின் நடுவே வெறுங்கையை வீசிக்கொண்டு நிற்பார். "மாஸ்டருக்கு ஏதோ ஆயிடுச்சு" என்று ஓட்டுநர்கள் கண்ணைக் காட்டிச் சிரித்தார்கள். எல்லா நாளும் ஒரே மாதிரி இல்லை. ஒருநாள் எல்லாம் கைகூடி வரும். மறுநாள் பழைய பயம் எங்கிருந்தோ வந்து மணிக்கட்டில் உட்கார்ந்துகொள்ளும். அப்போதெல்லாம் சம்பந்தியம்மா ஒரே சொல்தான் சொல்வார்: "பிரேக்." மாஸ்டர் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பந்தை வைப்பார்.

மைதானத்தில் வருஷா வருஷம் ஜோடிப் போட்டி ஒன்று நடக்கும். ஜோடிக்கு ஒரே பந்து. மாறி மாறி அடிக்க வேண்டும். இந்த முறை போட்டியை நடத்தும் பொறுப்பு மருந்துக்கடைக்காரர் தலையில் விழுந்ததால் அவர் ஆட முடியாது. "நீங்க எங்கூட ஆடுறீங்களா?" என்று சம்பந்தியம்மா கேட்டார். மாஸ்டர் தலையாட்டிவிட்டார்.

அந்த ஜோடி நன்றாகத்தான் அமைந்தது. தூரம் மாஸ்டருடையது, கிட்டம் சம்பந்தியம்மாவுடையது. ஒரு குழிக்கு ஆடும்போது மாஸ்டர் அடித்த பந்து ஆசைப்பட்டு அதிகத் தூரம் போய், கிரீனுக்குப் பின்னால், புல்லே இல்லாத கட்டாந்தரையில் கிடந்தது. கீழே சிமெண்ட் மாதிரி மண். கொடியோ விளிம்பை ஒட்டி, அதற்கு முன் மணல். "மன்னிச்சுக்கோங்க, என் தப்பு" என்றார் மாஸ்டர். சம்பந்தியம்மா மண்ணை ஷூ நுனியால் தட்டிப் பார்த்தார். பந்தைப் பார்த்தார். அவசரப்படாமல் இடத்தைத் தேர்ந்து நின்றார். அந்தத் தரையில் மட்டை ஓர் இழை முன்னால் பட்டாலும் எகிறிவிடும் என்பது மாஸ்டருக்கு இப்போது தெரியும். தெரிந்ததாலேயே மூச்சு விடாமல் நின்றார்.

சுருக்.

பந்து மணலின் விளிம்பைத் தாண்டிய கையோடு இறங்கி, ஈரத்துணியைப் போட்டதுபோல் கொடிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது. எதிர் ஜோடியில் இருந்த உயரமான மனிதர் தன் தொப்பியைக் கழற்றி, மறுபடி போட மறந்து நின்றார். சம்பந்தியம்மா தோளை ஒருமுறை பிடித்து நீவிவிட்டுக்கொண்டு, "வாங்க, போகலாம்" என்று நடந்தார்.

கடைசிக் குழிக்கு ஆடும்போது முறை மாறி வந்தது. முதல் அடி மாஸ்டர், இரண்டாவது சம்பந்தியம்மா. மூன்றாவதை மாஸ்டர் அடிக்க வேண்டும். கிரீனுக்கு முப்பது கெஜம், நடுவில் பள்ளம். இருப்பதிலேயே ஆழமான பள்ளம். முடித்துவிட்டுப் போன ஜோடிகள் எல்லாம் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

"நீங்க ஏதாவது சொல்லுங்க" என்றார் மாஸ்டர் மெதுவாக.

"சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. உங்களுக்கே தெரியும்" என்றார் சம்பந்தியம்மா. சொல்லிவிட்டு வழக்கம்போல் முதுகைத் திருப்பிக்கொண்டு மரங்களைப் பார்த்தார்.

மாஸ்டர் இடது காலில் பாரத்தை வைத்தார். மட்டையைக் குறைவாக எடுத்தார். இறங்கி வரும்போது அந்தப் பழைய பயம் எட்டிப் பார்த்தது; அதை ஏற்றிக்கொள்ளாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்தார். ஒரே சத்தம். பந்து எழும்பியது, பள்ளத்தின் மேலே நிதானமாகப் போனது, கிரீனில் இறங்கிக் கொஞ்சம் உருண்டு நின்றது. கொடியை ஒட்டியெல்லாம் இல்லை. நல்ல தூரம் பாக்கி இருந்தது. ஆனால் பச்சையின் மேல் இருந்தது. ஓரத்தில் கைதட்டினார்கள். சம்பந்தியம்மா அப்போதுதான் திரும்பினார். பந்து எங்கே என்று தேடாமல், மாஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

மிச்சத்தைச் சம்பந்தியம்மா தட்டியபோது பந்து குழியின் உதட்டை நக்கிவிட்டு வெளியே நின்றுவிட்டது. கோப்பை வேறு ஜோடிக்குப் போனது. சம்பந்தியம்மா "அட, சனியனே" என்று பந்தைச் செல்லமாகத் திட்டியதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: "ஜெயிச்சீங்களா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் முகம் இப்படி மலர்ந்து கிடக்கு?"

மாஸ்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புல்லில்லாத அந்தத் தரையைப் பற்றி ஆரம்பித்தார். மண் எப்படி இருந்தது, அந்த அம்மா எப்படி நின்றார், மட்டை எவ்வளவு தூரம்தான் மேலே போனது, அந்த உயரமான மனிதரின் தொப்பி எல்லாம் சொன்னார். எழுந்து நின்று செய்தும் காட்டினார். அப்படிச் செய்ய வரவில்லை. மறுபடி செய்து காட்டினார். தோள் அப்படியிருந்தும், என்று தொடங்கி வாக்கியத்தை முடிக்காமல் விட்டார்.

"நீங்க எப்படி அடிச்சீங்கன்னு சொல்லாம, வந்ததுலேர்ந்து அவங்களைப் பத்தியே சொல்லிட்டிருக்கீங்க" என்றாள் மனைவி.

"நான் அடிச்சதா? அது சுமார்தான். பள்ளத்தைத் தாண்டுச்சு."

மனைவி ஒரு நாற்காலியை இழுத்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். எதையும் சுமார் என்று ஒப்புக்கொள்கிற ஆளில்லை அவர். "அடுத்த சனிக்கிழமை நானும் வர்றேன். அப்படி என்னதான் அடிக்கிறாங்கன்னு பாக்கணும்."

"வா, வா. ஆனா அவங்க அடிக்கும்போது பேசக் கூடாது."

"நானா பேசப்போறேன்?" என்றாள் மனைவி.